ஐயா, முதலில் குளுக்கோஸை அளந்து பார்

அன்பு மகனுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. வைக்கோலைச் சர்க்கரையாக்கும் செல்லுலேஸ் நொதியை நன்றாகச் சுரந்துகொண்டிருந்த டிரைக்கோடெர்மா ரீசி பூஞ்சை திடீரென்று அதைக் குறைத்துவிட்டது, இனமே கெட்டுப்போயிற்றோ என்று கேட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை ஐயா. மரபணுவில் கைவைக்கும் முன்னால் தொட்டியில் எவ்வளவு குளுக்கோஸ் தேங்கி நிற்கிறது என்று பார்.

வீட்டில் சோறு ஆக்கி இருக்கும்போது யாராவது நெல் குத்த உட்காருவார்களா? குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் சிஆர்இ1 என்ற புரதம் செல்லுலேஸ் மரபணுக்களின் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு அவற்றை அடக்கிவிடும். அதோடு விடாது, அந்த மரபணுக்களை முடுக்கிவிடும் எக்ஸ்ஒய்ஆர்1 என்ற இன்னொரு புரதம் உருவாவதையும் குறைத்துவிடும். நொதி நன்றாக வேலை செய்தால் வைக்கோலிலிருந்து குளுக்கோஸ் வந்து குவியும், குவிந்த குளுக்கோஸே நொதியை நிறுத்தும். பூஞ்சை சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

சரி, கரையாத வைக்கோல் வெளியே கிடப்பது அதற்கு எப்படித் தெரிகிறது? எந்நேரமும் கொஞ்சூண்டு நொதி கசிந்துகொண்டே இருக்கும். அது வெட்டிய துண்டுகளிலிருந்து பிறக்கும் சோபோரோஸ் போன்ற சின்னச் சர்க்கரைதான் சேதி சொல்கிறது என்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணியை மக்கவைத்த பூஞ்சையின் வம்சம்தான் உன் கையில் இருப்பது, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பேரைத்தான் வைத்தார்கள். 2008ல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, இவ்வளவு சுரக்கிற பூஞ்சையிடம் செல்லுலேஸ் மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அதனால்தான் மரபணுக்களைத் திறப்பதையும் மூடுவதையும் கவனி என்று உன்னிடம் இத்தனை தடவை சொல்கிறேன்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ரூட்-சி30 என்ற இதே பூஞ்சையின் இன்னொரு இனம் கிடைத்தால் பக்கத்திலேயே வளர்த்துப் பார். அதில் சிஆர்இ1 மரபணு பாதி அறுந்துபோயிருக்கிறது, குளுக்கோஸுக்கு அவ்வளவாக அடங்காது. உன் இனத்துக்குச் சர்க்கரையை மொத்தமாக ஊற்றாதே, பால் சர்க்கரையான லாக்டோஸைச் சொட்டுச் சொட்டாக விடு.

இங்கே பிசான அறுப்பு முடிந்து படப்பு போட்டாச்சு. அம்பை 16 நெல்லின் வைக்கோல் வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லி, காய்ந்ததாகப் பார்த்து பெங்களூருக்குப் பார்சல் போடச் சொல்கிறேன். நீ நேரம் போட்டு எடுத்த குளுக்கோஸ் அளவையும் நொதி அளவையும் ஒன்றாக எழுதி அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். ராத்திரி ஆய்வகத்திலேயே கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா