ஜப்பானை நன்னெறிப் பாடமாக மட்டும் நடத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்விப் பக்கத்தில், ஒரு பள்ளியில் நடந்த 'ஜப்பான் நாள்' பற்றிய செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் கிமோனோ உடுத்தி நின்ற படம் பார்க்க அழகாக இருந்தது. காகிதக் கொக்கு மடித்திருக்கிறார்கள், செர்ரிப் பூ வரைந்திருக்கிறார்கள். ஜப்பானியரைப் போல ஒழுக்கமாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே இல்லாத காலத்தில், வேறொரு நாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு பள்ளி நேரம் ஒதுக்கியதை மனதாரப் பாராட்டுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். எங்கள் பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. என் மாணவர்களின் அண்ணன்மார், அக்காமார் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஜப்பான் இவர்களுக்கு வீட்டிலேயே அடிபடுகிற பெயர். அதனால்தான் ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறையே இல்லாத ஒரு தேசமாக ஜப்பானைக் காட்டி, அதை வைத்து நம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த மக்கள் எதற்காகப் போராடினார்கள், எங்கே தவறினார்கள், தவறு நடந்தபின் யார் யாரைக் கேள்வி கேட்டார்கள் என்பது வகுப்பறைக்குள் வருவதே இல்லை.

பள்ளியைச் சுத்தம் செய்யும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் துப்புரவுப் பணியாளரே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. அது சரியில்லை. பராமரிப்பு ஊழியர்கள் அங்கும் உண்டு. ஆனால் தினமும் கால்மணி நேரம் போலப் பிள்ளைகள் வகுப்பையும் நடைவழியையும் பெருக்கி, ஈரத்துணியால் தரையைத் துடைப்பது உண்மைதான். பல பள்ளிகளில் கழிப்பறையும் அதில் அடக்கம். மதியச் சாப்பாட்டையும் முறை வைத்துப் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பாத்திரங்களைத் தூக்கி வந்து, ஒவ்வொரு தட்டிலும் அளந்து வைப்பார்கள். வகுப்பாசிரியரும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பள்ளி உணவுக்கென்று 1954-இல் சட்டமே இயற்றினார்கள்.

இதையெல்லாம் காட்டும் காணொளி ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் போட்டேன். பார்த்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அங்க கக்கூஸ் கழுவுறதுக்கு யாரு போகணும்னு யாரு சொல்வாங்க?" என்று கேட்டாள். முறைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், எல்லார் பெயரும் சுற்றி வரும் என்றேன். "எல்லார் பேரும்மா டீச்சர்?" என்று மறுபடியும் கேட்டாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று விளக்கத் தேவையில்லை. எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கழிப்பறை கழுவச் சொல்கிறார்கள் என்பது உங்கள் பத்திரிகையிலேயே எத்தனையோ முறை செய்தியாக வந்திருக்கிறது. இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல், 'ஜப்பான் பிள்ளைகளைப் பார், நீயும் துடைப்பத்தை எடு' என்று சொல்வது நம் ஊரில் மிகவும் ஆபத்தான பாடம்.

அந்த மாணவிக்கு ஜப்பானின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. தோல் பதனிடுவது, மாடு அறுப்பது, சாவு தொடர்பான வேலைகளைச் செய்வது என்று சில தொழில்களோடு பிணைத்து, பிறப்பை வைத்து ஒதுக்கப்பட்ட மக்கள் அங்கும் இருந்தார்கள். புராகுமின் என்பது அவர்களைக் குறிக்கும் பெயர். 1871-இல் அரசு ஆணை போட்டு இந்த ஏற்றத்தாழ்வை ஒழித்தது. ஆனால் ஏட்டில் ஒழிந்தது ஊரில் ஒழியவில்லை. பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் பூர்வீகத்தை விசாரிப்பது தொடர்ந்தது. 1922-இல் அந்த மக்களே கியோட்டோவில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும், 1975-இல், அவர்கள் வாழும் ஊர்களின் பட்டியலைப் பெரிய பெரிய நிறுவனங்கள் கமுக்கமாக விலைக்கு வாங்கி வைத்திருந்தது அம்பலமானது. வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் எந்த ஊர் என்று பார்த்துக் கழித்துவிடத்தான் அந்தப் பட்டியல். இந்தப் பாகுபாட்டை ஒழிப்பதற்காக 2016-இல் மறுபடியும் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதே வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஷிகோகு தீவில் கோச்சி என்றொரு நகரம். அங்கே நாகஹாமா என்னும் பகுதியில், புராகு குடியிருப்பைச் சேர்ந்த தாய்மார்கள் கூடி அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்தார்கள். கட்டாயக் கல்வி இலவசமாக இருக்கும் என்கிறது 26-வது பிரிவு. அப்படியானால் பாடப்புத்தகத்துக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டு, 1961-இல் புத்தகம் வாங்க மறுத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் கூடச் சேர்ந்தார்கள். 1963-இல் இலவசப் பாடப்புத்தகத்துக்குச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் தொடங்கி, 1969-க்குள் ஒன்பது வகுப்புகளுக்கும் விரிந்தது. இன்று எவ்வளவு பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் அங்கே அந்தப் புத்தகத்தைத்தான் காசில்லாமல் வாங்குகிறது. மக்களின் வரிப்பணத்தில் தரப்படும் புத்தகம் இது என்று தொடக்கப் பள்ளிப் பாடப்புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். கூலி வேலை செய்யும் தாயின் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், முகத்தில் வரும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒழுக்கம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தபோது, கமாய்ஷி நகரின் உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சுனாமி வரும் என்று யார் உத்தரவுக்கும் காத்திராமல் ஓடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் வெளியேற, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் குறித்து வைத்திருந்த இடம் போதாது என்று தோன்றவும் இன்னும் மேலே ஏறினார்கள். அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அதே நாளில் இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் நடந்தது வேறு. நிலநடுக்கம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக மைதானத்தில் நிறுத்தினார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் ஏறக்குறைய 50 நிமிடம் அங்கேயே கழிந்தது. சுனாமியில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். பள்ளியும் நகரக் கல்வி வாரியமும் முன்கூட்டியே செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற தீர்ப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு நடத்தலாம். 2004 சுனாமியில் நாகப்பட்டினமும் கடலூரும் பட்டது நம் பிள்ளைகளுக்கு வெறும் கேள்விப்பட்ட செய்தியாகிக்கொண்டு வருகிற நேரத்தில் இது இன்னும் அவசியம். ஆசிரியர்களாகிய நாங்களும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

காகிதக் கொக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது 2 வயதாக இருந்து, ரத்தப் புற்றுநோய் தீர வேண்டிக் காகிதக் கொக்குகளை மடித்து, 12 வயதில் இறந்த சிறுமி சடாகோ சசாகியைப் பல பள்ளிகளில் சொல்கிறார்கள், நல்லது. கட்டாய வேலைக்கும் பிழைப்புக்கும் வந்து அதே ஹிரோஷிமாவில் மாண்ட கொரியர்களை யாரும் சொல்வதில்லை. இன்னும் நமக்கு நெருக்கமானது, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம்-பர்மா ரயில் பாதை. 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனது. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு ஜப்பானைச் சொல்லிக்கொடுக்கும்போது இதை விட்டுவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

இதைச் சொன்னால் பிள்ளைகள் மனதில் வெறுப்பு வளரும் என்று சக ஆசிரியர்கள் சிலர் தயங்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜப்பானிலேயே இதற்காகப் போராடியவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ எழுதிய பாடநூலில் போர்க்கால அட்டூழியங்களைப் பற்றிய பகுதிகளை மாற்றச் சொன்னது அரசு. அவர் 1965-இல் நீதிமன்றம் போனார். அடுத்தடுத்து மூன்று வழக்குகள். 1997-இல் வந்த கடைசித் தீர்ப்பு வரை விடவில்லை, ஓரளவு வெற்றியும் பெற்றார். அவரையும் சேர்த்துச் சொன்னால் வெறுப்புக்கு இடம் ஏது?

இன்றைய ஜப்பான் பள்ளிகளும் சொர்க்கமல்ல. 2023 கல்வியாண்டில் 3 லட்சத்து 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் நீண்ட நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்ததாக அந்நாட்டுக் கல்வி அமைச்சகமே கணக்குத் தந்திருக்கிறது. பிள்ளைகளின் மனச்சோர்வும் பதற்றமும் அங்கே பெரிய விவாதம். தேர்வுப் பயத்தில் வாடும் என் மாணவர்களுக்கு, தங்களைப் போலவே தவிக்கும் பிள்ளைகள் அங்கும் உண்டென்று தெரிய வேண்டும்.

'ஜப்பான் நாள்' நடத்தும் பள்ளிகள் தொடர்ந்து நடத்தட்டும். அன்று ஒரு மணி நேரத்தையாவது நாகஹாமா தாய்மார்களுக்கோ ஒகாவா பள்ளிக்கோ ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இவற்றைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கும்படியான எளிய தமிழில் கட்டுரைகள் கிடைப்பது அரிதாக இருக்கிறது. ஜப்பானிய மொழி அறிந்த தமிழர்கள் சென்னையிலும் டோக்கியோவிலும் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் எழுதி வாங்கி, மாதம் ஒன்றாக உங்கள் மாணவர் இணைப்பில் வெளியிடுங்கள். ஒரு பக்க அளவு இருந்தால் போதும், பாட வேளைக்குள் வாசித்துவிட்டுப் பேசவும் நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
சமூக அறிவியல் ஆசிரியை,
காஞ்சிபுரம் மாவட்டம்.