பாட்டி வாயால் வந்த வரலாறு

அன்புள்ள அக்கா,

நீங்கள் கொடுத்த இரண்டு நாவல்களையும் படித்து முடித்துவிட்டேன். "பெரியதை முதலில் படி, சின்னது எங்கே ஓடிவிடப் போகிறது" என்றீர்கள். அப்படியே செய்தேன். நேரில் பேசினால் பேச்சு வேறு எங்காவது போய்விடும், அதனால் எழுதுகிறேன். அந்தப் பெரிய புத்தகம் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்று தெரியும். தெரிந்ததாலேயே மழுப்ப மனம் வரவில்லை.

சின்னதிலிருந்து தொடங்குகிறேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்த நாவல். தொடக்கத்திலேயே ஒரு கர்ப்பிணிப் பெண் தாகத்தோடு தன்னந்தனியாக வந்து தண்ணீரில் இறங்குகிறாள். காதில் ஆடும் பாம்படத்துக்காக ஒரு கள்வன் அவளை நீரில் அமுக்குகிறான். அந்த நேரத்தில் அவளுக்கு எட்டியது அவன் கால் பெருவிரல் ஒன்றுதான். அதைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அக்கா. எத்தனையோ கொலைகளைக் கதைகளில் படித்திருக்கிறோம். சாகிறவளின் கோபம் இப்படிப் பல்லில் வந்து நின்றதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அப்புறம் அந்த மங்கத்தாயாரு அம்மாள். வயது 137. கோட்டையார் வீட்டின் அந்தக் கிழவி சொல்லித்தான், தெலுங்கு நாட்டிலிருந்து அவர்கள் இரவோடு இரவாகக் கிளம்பி வந்த கதை நமக்குத் தெரிகிறது. சென்னாதேவியின் அழகு ஓர் ஆட்சியாளன் கண்ணில் பட்டுவிடுகிறது; ஒரு குடும்பமே ஊரை விட்டு ஓடுகிறது. ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நிற்கும்போது ஒரு மரம் வளைந்து கொடுக்கிறது. இதைச் சரித்திரப் புத்தகத்தில் படித்தால் நம்புவோமா? பாட்டி நம்புகிறாள், அதனால் நானும் நம்பினேன். வந்து சேர்ந்த இடத்தில் காட்டுக்குத் தீ வைத்து நிலம் ஆக்குகிறார்களே, அங்கேயும் எனக்குப் பேச்சு வரவில்லை. கி. ராஜநாராயணன் விவசாயியாக இருந்தவர். மண்ணைப் பற்றி அவர் எழுதும்போது கையில் அள்ளிப் பார்த்தவரின் நிதானம் இருக்கிறது.

இனி பெரியது. தலைப்பை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அதுவும் ஊர் பெயர்ந்து போகிற மக்களைப் பற்றியதுதான். 600 பக்கங்களில் போர் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, அரண்மனைச் சூழ்ச்சி இருக்கிறது. ஆனால் யார் வாயைத் திறந்தாலும் கல்வெட்டுதான் பேசுகிறது. மன்னன் தன் மகளிடம், தாத்தா எந்தக் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம் விட்டார் என்று மூன்று பக்கத்துக்குச் சொல்கிறான். சொந்தப் பேத்திக்கு அது தெரியாதா? நமக்குச் சொல்வதற்காக அவளை ஒன்றும் தெரியாதவளாக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணுக்காகக் கோபம் வந்தது.

"எவ்வளவு உழைப்பு பார்" என்று நீங்கள் சொன்னது சரிதான். பல ஆண்டு தேடியவர் எழுதியது என்பதில் சந்தேகமில்லை, அந்தத் தேடலை மதிக்கிறேன். ஆனால் தேடிக் கிடைத்த ஒன்றையும் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாட்டி மறந்ததை மறக்கிறாள், கூட்டுவதைக் கூட்டுகிறாள். பயந்த இடத்தில் அவள் சொல்லும் மரம் வளைகிறது. இவர் ஒன்றையும் மறக்கவில்லை, ஒருவரையும் பயப்படவிடவில்லை. பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் வரிவிதிப்புக்குப் போய்விடுகிறார்.

ஒரே ஓர் இடம் விதிவிலக்கு. ஊரைக் காலிசெய்கிற இரவில், பெயரில்லாத ஒருத்தி திரும்ப ஓடிவந்து, குதிரில் ஒட்டியிருந்த விதைநெல்லை விரலால் சுரண்டி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். நான்கே வரிகள். அதற்குப் பிறகு அவளைக் கடைசிவரை காணவில்லை. அவளுக்காகத்தான் மீதிப் பக்கங்களையும் விடாமல் படித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். புத்தகம் திரும்பி வரும்போது எடுத்துப் பாருங்கள். சின்னதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' உங்களிடம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். சின்னதை மட்டும் இன்னும் சில நாள் என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி