பழைய சிடி பிளேயர் வாங்கப் போகும் நண்பனுக்கு

மயிலாப்பூர்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் சரோஜாவுக்கு ஒரே சந்தோஷம். உடனே போன் போடச் சொன்னாள். கடிதத்துக்குக் கடிதம்தான் மரியாதை என்று நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவி, செல்போன் எல்லாம் கொஞ்ச நாளைக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பாட்டு கேட்கிற நேரம் கூடியிருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜப்பான் சிடி பிளேயருக்குப் பதினெட்டாயிரம் கேட்கிறான், உள்ளே பிலிப்ஸ் சிப் இருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பிளேயர் வாங்கு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சிப்புக்காக வாங்காதே. சிடியில் இருக்கும் எண்களை ஒலியாக மாற்றும் அந்த பிலிப்ஸ் சிப், டிடிஏ 1541-ஐத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. நல்ல சிப்தான். 1985 வாக்கில் வந்தது, 16 பிட். அதற்கு முந்தைய 1540 வெறும் 14 பிட். சிடியிலிருந்து நொடிக்கு 44,100 என்று வரும் ஒலி மாதிரிகளை நான்கு மடங்காக்கித்தான் பிலிப்ஸ்காரர்கள் அந்தக் குறையைச் சமாளித்தார்கள். இப்போது இரண்டுமே தயாரிப்பில் இல்லை. 1541ஏ-யில் கிரீடம் அச்சடித்த, பொறுக்கியெடுத்த ரகம் ஒன்று உண்டு. அதற்கு விலை ஏறியதும், சாதாரண சிப்பைச் சுரண்டிக் கிரீடம் போட்டு விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். உன்னுடைய, என்னுடைய அறுபது வயதுக் காதுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கேட்குமா என்பதே சந்தேகம்.

பிளேயரின் உயிர், சிடியைப் படிக்கும் லேசரில்தான் இருக்கிறது. லென்ஸில் வெறும் தூசி என்றால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பட்டும் படாமலும் துடைத்தால் போதும். ஒளி தரும் லேசர் டயோடே ஓய்ந்துவிட்டதென்றால், லேசரும் லென்ஸும் சேர்ந்த ஹெட்டை மாற்றியே ஆகவேண்டும். கிடைக்குமா என்பதுதான் கேள்வி. சோனியின் கேஎஸ்எஸ் 213, 240 மாதிரி ஹெட்டுகளுக்கு நகலாவது இன்னும் வருகிறது, தரம் முன்னே பின்னே இருக்கும். பிலிப்ஸின் பழைய சிடிஎம் 1, 2, 4 வேறு ரகம். கிராமபோன் கை போல ஓர் ஊன்றுபுள்ளியில் நின்று வளைவாக நகரும். ஹெட்டை நகர்த்தப் பல்சக்கரம் கிடையாது, எனவே தேய்வதற்கும் அதிகம் ஒன்றுமில்லை. நாற்பது வயதானவை இன்னும் பாடுகின்றன. ஆனால் அதில் லேசர் போய்விட்டால் இன்னொரு பிளேயரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் உனக்கு நான் சொல்வேன்: ஹெட் கிடைக்கிற, பெயர் பெறாத ஒரு தொண்ணூறுகளின் மாடல், ஹெட் கிடைக்காத புகழ்பெற்ற மாடலைவிட மேல்.

விற்கிறவர்கள் செய்யும் ஒரு வேலை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்ந்துகொண்டிருக்கும் லேசருக்கு, ஹெட்டின் ஓரத்தில் உள்ள பிரீசெட் என்கிற குட்டித் திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் கூட்டிவிடுவார்கள். விற்கும்வரை பாடும், அப்புறம் சீக்கிரமே அடங்கிவிடும். மேல்மூடியைத் திறந்து காட்டச் சொல். பிரீசெட்டின் மேல் கம்பெனி வைத்த பெயின்ட் பொட்டு உடைந்திருந்தால் கேள்வி கேள்.

கையோடு எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் சிடி ஒன்று கொண்டு போ. சிடியை லேசர் உள்பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கிப் படித்துக்கொண்டு போகும். சுழலும் வேகம் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று, விளிம்பில் 200 என்று குறையும். அதனால் முதல் பாட்டு மட்டும் கேட்டுத் தலையாட்டாதே. முதல் பாட்டு, உடனே கடைசி, மறுபடி முதல் என்று அலைக்கழி. அரை மணி ஓடிச் சூடான பிறகு இன்னொரு தரம் செய். வீட்டில் எழுதிய சிடி-ஆர் ஒன்றும் போட்டுப் பார், சோர்ந்த லேசர் பெரும்பாலும் அதில்தான் முதலில் திணறும். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ ஓடவில்லை என்று சண்டை போடாதே. அதில் பட்டுத் திரும்பும் ஒளி மிகக் குறைவு, பழைய பிளேயர்கள் பலவும் படிக்காது. டிரே வெளியே வராமல் முக்கினால் சந்தோஷப்படு. பெரும்பாலும் டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் பிடிப்பு விட்டிருக்கும், மாற்றுவது சில்லறைச் செலவு, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

பின்பக்கத் தகட்டைப் படித்தாயா? ஜப்பானுக்குள் விற்றதென்றால் 100 வோல்ட் என்று இருக்கும். நம் 230-ல் நேரே செருகினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. 110 கொடுப்பதை வாங்காமல் 100 கொடுப்பதைக் கேட்டு வாங்கு. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பதினெட்டு ரொம்ப அதிகம், பன்னிரண்டுக்கு மேல் போகாதே. தகட்டுக்குப் பக்கத்தில் டிஜிட்டல் அவுட் இருக்கிறதா என்றும் பார். இருந்தால் நாளைக்குச் சிப் போனாலும் கவலையில்லை, சிப்பின் வேலையைச் செய்யும் டாக் என்ற தனிப் பெட்டி ஒன்றை வாங்கி வெளியே மாட்டிக்கொள்ளலாம். லேசருக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

வேறு ஊரிலிருந்து வருவதானால், வழியில் ஹெட் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் லாக் ஸ்குரூ அடியில் இருக்கும் மாடலா என்று கேட்டு, அதை முடுக்கி அனுப்பச் சொல். உள்ளே சிடியை விட்டு அனுப்பிவிடப் போகிறான், அதையும் சொல்லிவை.

சிடி எதற்கு, எல்லாம்தான் போனிலேயே வருகிறதே என்று உன் மகன் சிரிப்பதாக எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். பழைய பாட்டுகளை மறுபடி வெளியிடும்போது பலவற்றில் சத்தத்தை ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். தபேலாவும் வயலினும் ஒரே உயரத்தில் நின்று கத்துகின்றன. உன் அலமாரியில் இருக்கும் தொண்ணூறுகளின் சிடிக்களில் மூச்சுவிட இடமிருக்கிறது. எதையும் தூக்கிப் போட்டுவிடாதே.

மார்கழியில் கச்சேரிக்கு வருகிறாய்தானே? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. அதற்கு முன்னால், அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல், அந்தத் தகட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சேகர்