எரியாத விளக்கைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

பழைய ஜப்பான் கார் வாங்க வருவோர் டயரைப் பார்க்கிறார்கள், பொனற்றைத் திறக்கிறார்கள். மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்பதோடு சரி. அனுராதபுரச் சந்திப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்பவன் நான். திறப்பை ‘ஒன்’ வரை மட்டும் திருப்பி, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் பாருங்கள். மீற்றர் பலகையில் எயார்பாக் (மோதினால் விரியும் பலூன்), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சில்லு இறுகாமல் காப்பது), ஒயில், பற்றரி விளக்குகள் எரிய வேண்டும். எயார்பாக் விளக்கு சில விநாடிகளில் தானாக அணையும். எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள், பழுதை மறைக்கப் பல்பையே கழற்றியிருக்கலாம்.

அண்மையில் நிலாவெளிக்காரர் ஒருவர் கொண்டுவந்த காரில் எயார்பாக் விளக்கை ஒயில் விளக்கின் வயரோடு கோர்த்திருந்தார்கள். எஞ்சின் ஓடினால்தான் இரண்டும் ஒன்றாக அணைந்தன, அதில்தான் பிடிபட்டது. விற்றவர் கெட்டிக்காரர்! மோதினால் பலூன் விரியாது.

மணிச்சத்தம் தொல்லை என்று சீற் பெல்ற் கொக்கியில் வெறும் கிளிப்பைச் செருகுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னத்தைச் சொல்ல?

நீல விளக்கு எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கு, பயமில்லை. ஓட்டத்தில் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிற்பாட்டுங்கள். ஒயில் அழுத்தம் விழுந்துவிட்டது. ‘கந்தளாய் மட்டும் போவம்’ என்று இழுத்தால் பெயரிங் உருகிப் பிடிக்கும்.

வருடாந்த வரிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்களே, அதோடு இந்த விளக்குகளையும் பார்த்தால் என்ன?

வாகன மின் திருத்துநர்,
திருகோணமலை