எங்கள் ஓய்வு பெற்றோர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மும்பையின் முலுண்டிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய இரண்டு காரியங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

முதலாவது, பூநாரை பார்க்கப் போனது. ஐரோலி பாலத்துக்கு அடியில் ஓடுகிற தாணே க்ரீக்கை, அதாவது கடல் கழியை, 2015-ல் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நம்மில் பலர் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள்தான். நின்று பார்க்க அப்போது நேரம் ஏது?

ஐரோலி படகு மையத்திலிருந்து படகு கிளம்ப வேண்டுமென்றால் ஏற்றத் தண்ணீர், அதாவது கடல் பொங்கி ஏறும் நேரம், இருக்க வேண்டும். அந்த ஏற்றமோ நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அலுவலகம் போகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. நமக்கென்ன, செவ்வாய்க்கிழமை மதியம் என்றால் செவ்வாய்க்கிழமை மதியம்! தண்ணீரின் நேரத்துக்கு நம் நேரத்தை மாற்றிக்கொள்ள முடிகிறதே, ஓய்வு காலத்தின் பெரிய சொத்து அதுதான் என்பது என் கருத்து.

குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து நவம்பர் வாக்கில் வரத் தொடங்கும் பறவைகள் மே வரை இங்கேதான் இருக்கும். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றுநீரை வடிகட்டிப் பாசியையும் சிற்றுயிர்களையும் தின்னும். இளஞ்சிவப்பு நிறம் அந்த இரையிலிருந்து வருவது. அதனால்தான் இன்னும் முதிராத இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறு பூநாரை, வெளிர் அலகில் நுனி மட்டும் கறுப்பு என்றால் பெரும் பூநாரை. கோடியக்கரைப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், சிறு வயதில் ஊரில் பார்த்ததை மும்பையில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. 2024 மே மாதம் காட்கோபரில் விமானத்தில் மோதி 30-க்கும் மேற்பட்ட பூநாரைகள் செத்து விழுந்த செய்தியில் நம் வட்டமே கலங்கிப்போனது. அந்தச் சேற்றுப்பரப்பும் அலையாத்திக் காடும் நன்றாக இருந்தால்தான் இவை வரும் என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

படகில் ஏற முடியாதவர்கள் வருந்த வேண்டாம். குடியிருப்பு வளாகத்து அரசமரத்தில் பழம் பழுத்தால் செம்மார்புக் குக்குறுவான் வரும். மும்பையின் நகரப் பறவையாக 2011-ல் தேர்வானது அதுதான். கொல்லன் பட்டறைபோல ‘டொக் டொக்’ என்ற சத்தம் கேட்டால், நாற்காலியைப் பால்கனியில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இரண்டாவது, மொட்டை மாடியில் தணலில் சுட்டுச் சாப்பிட்டது. டிசம்பர், ஜனவரி மாலைகளில் இரண்டு சிக்ரி (கரியடுப்பு) வைத்தோம்: ஒன்று சைவத்துக்கு, ஒன்று மீனுக்கு. இடுக்கிகூடத் தனித்தனி. முதல் நாள் எல்லோருக்கும் பசி, அவசரம். எங்கள் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், “பொறுங்கண்ணா, கரி மேல சாம்பல் பூக்கட்டும், அப்புறம் வைங்க” என்று தடுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஜுவாலை அடங்கிய தணலில்தான் சோளம் கருகாமல் வேகும். எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்ப்பது இந்த ஊர் நமக்குக் கற்றுக்கொடுத்தது. கத்திரிக்காயைத் தோல் கருகச் சுட்டு உரித்து, சின்ன வெங்காயம் போட்டு அங்கேயே கொத்சு செய்தார்கள். பாப்லெட்டை (வாவல் மீனை) எலுமிச்சைச் சாற்றில் அரை மணிக்கு மேல் ஊறவிடாதீர்கள், சதை குழைந்துவிடும். கம்பியை விட்டுத் தானாக விலகும்வரை திருப்பவும் கூடாது. மூடிய அறையிலோ பால்கனியிலோ கரி மூட்டவே வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

மனைவியை இழந்தபின் வீட்டைவிட்டு வராதிருந்த ஓர் உறுப்பினர், சிக்ரிக்கு விசிறப் பொறுப்பேற்று இப்போது தவறாமல் வருகிறார். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது இதுதான்.

அடுத்த பருவத்துக்குப் படகுப் பெயர்ப் பதிவு அக்டோபரில் தொடங்கும். மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கைகொடுத்து ஏற்ற ஆள் ஏற்பாடு செய்கிறோம். பைனாகுலர் வீட்டில் சும்மா கிடந்தால் வட்டத்துக்குக் கொடுங்கள். சந்தா பாக்கியைப் பொருளாளரிடம் இன்றே செலுத்தி, இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்