டயாலிசிஸ் கட்டிலில் கால்களுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்

சிவகங்கை மாவட்ட மருத்துவ, நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களில் என் அப்பச்சியும் (அப்பாவும்) ஒருவர். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் படுக்கை. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, சரி. கால்கள் ஏன் சும்மா கிடக்க வேண்டும்?

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். படியேறினால்தான் திண்ணை, நடுமுற்றமான வளவுக்குள் இறங்க ஒரு படி, அடுத்த கட்டுக்குப் போக இன்னொரு படி. அப்பச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்துச் சேர்க்கிறார். நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்றுகிறார். அதில் ஒன்று ஃபிஸ்டுலா போட்ட கை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கை. பார்க்கவே பதறுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தசை கரையும். அசையாமல் கிடந்தால் இன்னும் வேகமாகக் கரையும்.

ஜெர்மனியில் 21 மையங்களில் டயாலிசிஸ் நடக்கும்போதே ஓராண்டு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2023ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நிமிடத்தில் சராசரியாகப் 16 முறை உட்கார்ந்து எழுந்தவர்கள் 19 முறைக்கு வந்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் 15க்கும் கீழே இறங்கினார்கள். பிரிட்டனில் ஆறு மாதம் பெடல் மட்டும் மிதிக்க வைத்த ஆய்வில் வாழ்க்கைத்தரம் கூடியதாகத் தெரியவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை. எனக்கு அப்பச்சி கை ஊன்றாமல் எழுந்தாலே பெரிய விஷயம்.

பெரிய செலவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் வைக்கும் பெடல், கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை, முறை சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்; அப்புறம் ரத்த அழுத்தம் இறங்கக்கூடும். நெஞ்சுவலி உள்ளவர்கள், தொடையில் குழாய் போட்டவர்கள், அன்றைக்கு உடம்பில் நீர் அதிகம் சேர்ந்து மூச்சு வாங்குகிறவர்கள் செய்யக் கூடாது. யார் செய்யலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அப்பச்சி போகும் இடத்தில் இதுவரை யாரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களை டயாலிசிஸ் வார்டுக்கும் முறை வைத்து அனுப்புங்கள். முதலில் ஒரே ஒரு வார்டில் தொடங்கினாலும் போதும். கூடவே நின்று கற்றுக்கொள்ள, வீட்டிலும் தொடர, எங்களைப் போன்ற வீட்டார் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அப்பச்சியுடன் வரும் மகள்,
காரைக்குடி