லாரிக்கு நடுவே சைக்கிள்

ஆசிரியருக்கு வணக்கம். புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் கல், எம்சாண்ட் லாரிகளுக்கு நடுவே செங்கோட்டை ரோட்டில் தினமும் சைக்கிள் மிதிக்கிறேன். ஜெர்மனியில் பெர்லினுக்கும் டிரெஸ்டனுக்கும் இடையே லுசேஷியா பகுதியில், பழுப்பு நிலக்கரி தோண்டிய பள்ளங்களை 20-க்கும் மேற்பட்ட ஏரிகளாக்கி, கரையோரம் கார், லாரி நுழையாத தார்ப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றான சென்ஃப்டன்பெர்க் ஏரியில் 1967 முதல் 1972 வரை தண்ணீர் நிரப்பினார்கள். இன்று அதைச் சைக்கிளிலேயே சுற்றி வரலாம், சுமார் 18 கிலோமீட்டர், சின்னப் பிள்ளைகளும் பயமில்லாமல் ஓட்டலாம். மணல் கரை சரியாமலிருக்க மண்ணை இறுக்கிய பிறகே ஆட்களை விடுகிறார்கள், அதுதான் முக்கியம்.

இங்கே கைவிட்ட கல்குவாரிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, வேலிகூட இல்லாமல் கிடக்கிறது. முதலில் வேலி போடுங்கள். அப்புறம் குளத்துக்கரையில் லாரி வராத ஒரு பாதை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காகவாவது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கோட்டை